உடம்பைப் பற்றிய பொது அறிவுத் தேர்வு: விடைக்குறிப்போடு மல்லுக்கட்டுபவர்கள் கேட்கும் கேள்விகள்

மனித உடல், மருத்துவ அறிவியல் ஆகிய தலைப்புகளில் பொது அறிவுத் தேர்வுகளுக்கும் வினாடி வினாக்களுக்கும் கேள்வி எழுதிக்கொடுக்கிறேன். தேர்வு முடிந்த அன்று மாலையே சந்தேகங்கள் வரத் தொடங்கிவிடும். "நான் போட்ட விடைதான் சரி, உங்கள் விடைக்குறிப்புதான் தப்பு" என்பதே பலவற்றின் சாரம். சில சமயம் அவர்கள் பக்கம் நியாயமும் இருக்கும். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை இங்கே பதிலோடு சேர்த்துவைத்திருக்கிறேன்.

எலும்பு 206 என்று மனப்பாடம் செய்துவிட்டு வந்தால், ‘பிறந்த குழந்தைக்கு எத்தனை?’ என்று கேட்கிறீர்கள். கூடுதலாக இருந்ததெல்லாம் எங்கே போயிற்று?

எங்கேயும் போகவில்லை, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன. பிறக்கும்போது 270 முதல் 300 வரை எண்ணலாம். இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும் துண்டுகளைக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்பதைப் பொறுத்து எண் மாறும். கைக்குழந்தையின் உச்சந்தலையைப் பார்த்தால் மெத்தென்ற ஓர் இடம் நாடித் துடிப்போடு லேசாக ஏறி இறங்குவது தெரியும். அதுதான் உச்சிக்குழி. மண்டை ஓட்டின் தட்டுகள் அங்கே இன்னும் கைகோக்கவில்லை. பெரும்பாலும் ஒன்றரை வயதுக்குள் மூடிவிடும். முதுகெலும்பின் அடியில் தனித்தனியாக இருக்கும் ஐந்து துண்டுகளும் வளர்ந்து முடிப்பதற்குள் ஒரே எலும்பாகிவிடுகின்றன.

206 என்பதும் கல்வெட்டில் பொறித்த எண் அல்ல. சிலருக்குக் கழுத்தடியில் ஒரு விலா எலும்பு கூடுதலாக இருக்கும், அது இருப்பது அவர்களுக்கே தெரியாமல் வாழ்ந்து முடித்துவிடுவார்கள். ஆகவே ‘வளர்ந்த ஒருவருக்கு வழக்கமாக’ என்ற சொற்கள் கேள்வியில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தப்பு கேள்வி எழுதியவர் மேல்தான்.

தமனியில் நல்ல ரத்தம், சிரையில் கெட்ட ரத்தம் என்றுதானே படித்தோம்? நுரையீரல் தமனி கேள்வியில் எனக்கு மார்க் போய்விட்டது.

அதிகம் பேர் சறுக்கும் இடம் இது. தமனியா சிரையா என்பதை முடிவு செய்வது உள்ளே ஓடும் ரத்தம் அல்ல, ஓடும் திசை. இதயத்திலிருந்து வெளியே கொண்டுபோனால் தமனி, இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவந்தால் சிரை. நுரையீரல் தமனி ஆக்ஸிஜன் குறைந்த ரத்தத்தை நுரையீரலுக்கு எடுத்துப்போகிறது. நுரையீரல் சிரை ஆக்ஸிஜன் நிறைந்த ரத்தத்தோடு திரும்பிவருகிறது. கருவில் இருக்கும் குழந்தையின் தொப்புள்கொடியிலும் இதே தலைகீழ்க் கதைதான்.

‘கெட்ட ரத்தம்’ என்ற சொல்லையே எடுத்துவிடலாம் என்பது என் கட்சி. அதில் கெட்டது எதுவும் இல்லை. நிதானமாக உட்கார்ந்திருக்கும் ஒருவரின் சிரை ரத்தத்தில், கிளம்பும்போது இருந்த ஆக்ஸிஜனில் ஏறக்குறைய முக்கால் பங்கு இன்னும் மிச்சம் இருக்கும். சிரை ரத்தம் நீலம் என்பதும் கட்டுக்கதை. அடுத்த முறை பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் குழாயைப் பாருங்கள். அடர் சிவப்பு, கிட்டத்தட்ட மெரூன். கையின் மேல் நரம்பு நீலமாகத் தெரிவதற்குக் காரணம் தோல் ஒளியைச் சிதறடிக்கும் விதம். பேச்சில் அதை ‘நரம்பு’ என்கிறோம், சரி. தேர்வில் அப்படி எழுதினால் மார்க் கிடையாது.

உடலின் மிகப் பெரிய உறுப்பு கல்லீரலா, தோலா?

‘உள்ளுறுப்பு’ என்று கேட்டிருந்தால் கல்லீரல், சுமார் ஒன்றரை கிலோ. வெறும் ‘உறுப்பு’ என்றால் தோல்.

இதே ரகத்தில் நானே ஒருமுறை மாட்டிக்கொண்டேன். ‘மிகப் பெரிய நாளமில்லாச் சுரப்பி எது?’ என்று எழுத நினைத்து, ‘நாளமில்லா’ என்ற சொல்லை விட்டுவிட்டேன். ஆப்ஷனில் தைராய்டும் இருந்தது, கல்லீரலும் இருந்தது. நாளமில்லாச் சுரப்பிகளில் பெரியது தைராய்டு, எல்லாச் சுரப்பிகளையும் சேர்த்தால் கல்லீரல். போதாக்குறைக்கு, கணையமும் இன்சுலின் சுரக்கிறதே, அதுதானே தைராய்டைவிடப் பெரியது என்று ஒருவர் வாதாடினார். கணையத்துக்கு நாளமும் உண்டு, அதனால் அது கலப்புச் சுரப்பி என்று அவருக்கு விளக்கம் எழுதினேன். ஆனாலும் அந்தக் கேள்விக்கு எல்லோருக்கும் மார்க் போட்டுவிட்டேன்.

ஓ நெகட்டிவ் எல்லோருக்கும் கொடுக்கலாம். பிறகு பிளாஸ்மாவுக்கு மட்டும் ஏன் ஏபி என்று விடை?

இதை மனப்பாடம் செய்தால் குழம்பும், புரிந்துகொண்டால் ஒரு நிமிட வேலை. சிவப்பணுவின் மேல் ஏ, பி என்ற அடையாளங்கள் ஒட்டியிருக்கும். ஏ வகைக்கு ஏ, பி வகைக்கு பி, ஏபிக்கு இரண்டும், ஓவுக்கு இரண்டும் இல்லை. பிளாஸ்மாவில் மிதப்பதோ எதிர்ப்பொருள்கள், அதாவது தன்னிடம் இல்லாத அடையாளத்தைத் தாக்கும் காவலாளிகள். ஓ வகையின் சிவப்பணுவில் தாக்குவதற்கு ஏ, பி அடையாளம் எதுவும் இல்லாததால் யார் உடம்பும் பொதுவாக அதை ஏற்றுக்கொள்ளும். ஆனால் அதே ஓவின் பிளாஸ்மாவில் ஏவையும் பியையும் தாக்கும் எதிர்ப்பொருள்கள் இரண்டும் இருக்கின்றன. ஏபியின் பிளாஸ்மாவில் இரண்டுமே இல்லை. ஆகவே அணுக்களை மட்டும் கொடுக்கும்போது ஓ நெகட்டிவ், பிளாஸ்மா கொடுக்கும்போது ஏபி.

இந்த வகைகளைக் கண்டறிந்தவர் கார்ல் லாண்ட்ஸ்டெய்னர். கட்டுரை வந்தது 1901, நோபல் பரிசு 1930. கொஞ்சம் கடினமான தேர்வு என்றால் இன்னொன்றும் கேட்பேன்: ஓ நெகட்டிவ்கூடச் சேராதவர்கள் யார்? ஓ வகையிலும் ‘எச்’ என்ற அடிப்படை அடையாளம் உண்டு. அந்த எச்சும் இல்லாதவர்களுக்கு ஓ வகை ரத்தமே எதிரி. 1952-இல் மும்பையில் பெண்டேயும் அவருடைய குழுவினரும் இதைக் கண்டறிந்து வெளியிட்டதால் பம்பாய் ரத்த வகை என்று பெயர். சாதாரணப் பரிசோதனையில் இவர்கள் ஓ என்றுதான் தெரிவார்கள், ஆபத்தே அங்கேதான். ரத்தம் ஏற்றுவதற்கு முன் கொடுப்பவர் ரத்தத்தையும் பெறுபவர் ரத்தத்தையும் கலந்து பொருத்தம் பார்க்கும் வழக்கத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

நாக்கின் நுனியில் இனிப்பு, அடியில் கசப்பு என்ற படத்தைப் பாடத்தில் பார்த்திருக்கிறேன். அதைத் தப்பு என்கிறீர்களே?

தப்புதான். நுனி நாக்கில் ஒரு துளி உப்புநீர் விட்டுப் பாருங்கள், உப்பு தெரியும். சுவை மொட்டுகள் உள்ள எல்லா இடத்திலும் எல்லாச் சுவையும் தெரியும். இடத்துக்கு இடம் உணர்திறனில் சிறு வித்தியாசம் இருப்பதாக 1901-இல் ஹேனிக் என்ற ஜெர்மானியர் அளந்து எழுதினார். பின்னால் வந்தவர்கள் அந்தச் சிறு வித்தியாசத்தைப் பெரிதுபடுத்தி வரைந்துவிட, நாக்கு நாலு வட்டாரமாகப் பிரிந்துபோனது. உமாமி என்ற ஐந்தாவது சுவையை ஜப்பானின் கிகுனாயே இகேடா 1908-இலேயே சொல்லிவிட்டார். அதற்கு அந்தப் படத்தில் இடமே இல்லை.

புலன்கள் ஐந்துதானே?

கண்ணை மூடிக்கொண்டு உங்கள் மூக்கு நுனியை ஆள்காட்டி விரலால் தொடுங்கள். தொட்டுவிட்டீர்களா? விரல் எங்கே இருக்கிறது என்று சொன்னது கண் இல்லை, காது இல்லை, மூக்கும் நாக்கும் இல்லை. விரல் போய்ச் சேரும்வரை தொடுதலும் இல்லை. தசைகளிலும் தசைநாண்களிலும் மூட்டுகளிலும் இருக்கும் உணர்விகள் மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. இது தனிப் புலன். உள்காதில் இருக்கும் சமநிலை உணர்வு இன்னொன்று. ஐம்புலன் என்பது பழைய, அழகான கணக்கு. தேர்வில் ‘ஐம்புலன்களில் சேராதது எது’ என்று கேட்கலாம், ‘மனிதனுக்கு எத்தனை புலன்’ என்று கேட்கக் கூடாது.

கண்ணைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு சோதனை. வெள்ளைத் தாளில் இடப்பக்கம் ஒரு கூட்டல் குறி, அதிலிருந்து வலப்பக்கம் 8 செ.மீ. தள்ளி ஒரு சிறிய கரும்புள்ளி. இடக்கண்ணை மூடி, வலக்கண்ணால் கூட்டல் குறியையே பார்த்தபடி தாளை முகத்தருகே மெதுவாகக் கொண்டுவாருங்கள். ஏறக்குறைய 30 செ.மீ. தொலைவில் புள்ளி மறைந்துவிடும். பார்வை நரம்பு விழித்திரையைத் துளைத்து வெளியேறும் இடம் அது, அங்கே ஒளியை உணரும் செல்கள் கிடையாது. கரும்புள்ளி போன இடத்தில் ஓட்டை எதுவும் தெரியாது, வெறும் வெள்ளைத் தாள்தான் தெரியும். மூளை சுற்றியுள்ள வெள்ளையை எடுத்து இட்டு நிரப்பிவிடுகிறது.

உடல் வெப்பநிலை சரியாக 98.6 தானா?

அந்தப் ‘புள்ளி ஆறு’ பார்ப்பதற்குத்தான் துல்லியம். ஜெர்மன் மருத்துவர் வுண்டர்லிக் 1868-இல் ஆயிரக்கணக்கானோரை அளந்து சொன்னது 37 டிகிரி செல்சியஸ் என்ற முழு எண். அதை ஃபாரன்ஹீட்டுக்கு மாற்றும்போது 98.6 வந்துவிட்டது. காலையில் குறைவாகவும் மாலையில் கூடுதலாகவும் இருப்பது இயல்பு. பிற்கால ஆய்வுகளில் சராசரி 37-க்குச் சற்றுக் கீழேயே வருகிறது.

ஒரு காலத்தில் சரியாக இருந்த விடை பிறகு தப்பாகுமா? பழைய வினா வங்கியை வைத்துப் படிக்கலாமா?

ஆகும். எனக்குப் பிடித்த உதாரணம் குரோமோசோம். 1923-இல் தியோஃபிலஸ் பெயின்டர் மனித செல்லில் 48 குரோமோசோம் என்றார். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக உலகமே 48 என்றுதான் படித்தது. பிறகு வந்தவர்கள் நுண்ணோக்கியில் எண்ணியபோதும் 48 இருந்தாக வேண்டும் என்ற எண்ணத்தோடு எண்ணினார்கள். 1955 டிசம்பரில் ஸ்வீடனில் ஜோ ஹின் டியோவும் ஆல்பர்ட் லெவனும் செல்களை நன்றாகப் பரப்பி, ஒன்றின் மேல் ஒன்று விழாதபடி பார்த்தபோது 46 தான் இருந்தது. அடுத்த ஆண்டு வெளியிட்டார்கள். எண்ணத் தெரிந்த யாரும் கண்டுபிடித்திருக்கக்கூடிய விஷயம். நான் எழுதும் ஒவ்வொரு எண்ணையும் மறுபடி சரிபார்க்க வைப்பது இந்தக் கதைதான்.

வயிற்றுப்புண்ணும் அப்படியே. மன அழுத்தமும் அமிலமும்தான் காரணம் என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவைக் காட்டினார்கள். நம்பவில்லை. 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமி வளர்த்த திரவத்தைத் தானே குடித்தார், சில நாளில் வாந்தியும் இரைப்பை அழற்சியும் வந்தது. 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு.

நம் செல்களைவிட உடம்பில் பாக்டீரியா பத்து மடங்கு என்பதும் இப்போது செல்லாது. 2016-இல் வெளியான மறுகணக்கின்படி இரண்டும் ஏறக்குறைய சரிசமம். ‘மூளையில் 10 சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறோம்’ என்பதோ எந்தக் காலத்திலும் சரியாக இருந்ததில்லை. உடல் எடையில் வெறும் 2 சதவீதம் இருக்கும் மூளை, ஓய்வில் உடல் செலவிடும் ஆற்றலில் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. பயன்படாத பொருளுக்கு உடம்பு இவ்வளவு செலவு செய்யாது.

ஆய்வகத்தைப் பற்றிய கேள்விகள் எங்களுக்கு எதற்கு? பரிசோதனைக்கு ரத்தம் பிடிக்கும் குழாயின் மூடி என்ன நிறம் என்றுகூடக் கேட்கிறீர்கள்.

நிறத்தை மட்டும் கேட்டால் அது வீண் கேள்வி. காரணத்தோடு கேட்டால் உடலியலே அதற்குள் இருக்கிறது. ஊதா மூடிக் குழாயில் ஈடிடிஏ என்ற வேதிப்பொருள் இருக்கும். ரத்தம் உறைவதற்குக் கால்சியம் வேண்டும். ஈடிடிஏ அந்தக் கால்சியத்தைக் கவ்விப் பிடித்துக்கொள்வதால் ரத்தம் உறையாமல் நிற்கும், அணுக்களை எண்ணலாம். அதே குழாயின் ரத்தத்தில் கால்சியம் அளவு பார்த்தால் என்ன ஆகும்? அதலபாதாளத்தில் இருக்கும். அந்த ஈடிடிஏ பொட்டாசிய உப்பாகச் சேர்க்கப்படுவதால் பொட்டாசியமோ எகிறியிருக்கும். கால்சியம் மிகக் குறைவு, பொட்டாசியம் மிக அதிகம் என்று ஒரு ரிசல்ட் சேர்ந்து வந்தால், அனுபவமுள்ள லேப் டெக்னீஷியன் நோயாளியை நினைத்துப் பதறுவதற்கு முன் ஊதாக் குழாய் ரத்தம் வேறு குழாயில் கலந்துவிட்டதோ என்றுதான் பார்ப்பார்.

சாம்பல் மூடி சர்க்கரைக்கு. வெளியே எடுத்த பிறகும் ரத்த அணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன, குழாய்க்குள் இருக்கும் குளுக்கோஸைச் சாப்பிட்டுக்கொண்டே இருக்கும். அறை வெப்பத்தில் சும்மா விட்டால் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். அதைத் தடுக்கத்தான் சாம்பல் மூடிக் குழாயில் ஃபுளோரைடு.

‘மூன்று மாதச் சர்க்கரை’ என்று சொல்லும் எச்பிஏ1சி கேள்வியும் இதோடு ஒட்டியது. ஏன் மூன்று மாதம், ஏன் ஒரு வருடம் இல்லை? சர்க்கரை ஒட்டிக்கொள்வது சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினில். சிவப்பணுவின் ஆயுளே சுமார் 120 நாள். அணு போனால் கணக்கும் போயிற்று. சிவப்பணுக்கள் சீக்கிரம் அழியும் நோய் உள்ளவருக்கு இந்த எண் பொய்யாகக் குறைந்து காட்டும் என்பதையும் இதை வைத்தே ஊகித்துவிடலாம்.

சளிக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது என்று விடை. ஏன்?

சளிக்குக் காரணம் வைரஸ். பெனிசிலினை எடுத்துக்கொள்ளுங்கள் (ஃபிளெமிங், 1928): அது பாக்டீரியாவின் செல் சுவரைக் கட்டவிடாமல் செய்கிறது. வைரஸுக்குச் செல்லே கிடையாது, சுவருக்கு எங்கே போவது? நம் செல்களுக்கும் அந்தச் சுவர் இல்லை, அதனால்தான் மருந்து நம்மை விட்டுவைக்கிறது.

யார், எந்த ஆண்டு என்ற கேள்விகளைக் குறைத்துவிட்டீர்களே?

ஆண்டை மட்டும் தெரிந்துகொண்டு ஒன்றும் ஆகப்போவதில்லை என்பதால். ஆண்டுக்குப் பின்னால் ஒரு யோசனை இருந்தால் கேட்பேன். 1628-இல் வில்லியம் ஹார்வி செய்தது ஒரு பெருக்கல் கணக்கு. ஒரு துடிப்புக்கு இதயம் இவ்வளவு ரத்தம் தள்ளுகிறது, அரை மணியில் இத்தனை துடிப்பு. பெருக்கினால் உடம்பில் உள்ள மொத்த ரத்தத்தையும் மிஞ்சுகிறது. உண்ட உணவிலிருந்து புதிது புதிதாக இவ்வளவு ரத்தம் ஊற முடியாது, ஆகவே அதே ரத்தம்தான் சுற்றிவருகிறது. 1816-இல் லென்னெக், ஓர் இளம்பெண்ணின் மார்பில் காதை வைக்கச் சங்கடப்பட்டு, காகிதத்தைச் சுருட்டி வைத்துக் கேட்டார். அதுதான் ஸ்டெதஸ்கோப்பின் தொடக்கம். பெரியம்மைக்கு மட்டும் இரண்டு ஆண்டுகளையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பேன்: ஜென்னர் தடுப்பூசி போட்ட 1796, நோய் ஒழிந்ததாக அறிவித்த 1980.

புத்தகத்துக்குப் புத்தகம் எண் மாறுகிறதே, எதை நம்புவது?

சிலவற்றை நீங்களே போட்டுப் பார்க்கலாம். இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 72 என்றால் ஒரு நாளைக்கு 72 × 60 × 24 = 1,03,680. ‘சுமார் ஒரு லட்சம்’ என்ற விடை அங்கிருந்து வருகிறது. சிறுநீரகங்கள் ஒரு நாளில் வடிகட்டுவது சுமார் 180 லிட்டர், வெளியேறுவது ஒன்றரை லிட்டர் அளவு. மீதி 99 சதவீதத்துக்கும் மேல் திரும்ப உறிஞ்சப்படுகிறது. உடம்பில் இருக்கும் பிளாஸ்மாவே 3 லிட்டர் அளவுதான், அப்படியானால் அது நாளொன்றுக்கு 60 முறை சலிக்கப்படுகிறது.

சிறுகுடல் 6 மீட்டர் என்பதில் மட்டும் உண்மையிலேயே சிக்கல். அந்த அளவு இறந்த உடல்களில் எடுத்தது. உயிருள்ள உடலில் குடல் தசை இறுகியிருக்கும், நீளம் குறையும்.

இவ்வளவும் படித்துவிட்டேன். என் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை நானே படித்துக்கொள்ளலாமா?

படியுங்கள், ஆனால் தடித்த எழுத்தில் வந்த எண்ணைப் பார்த்துத் தூக்கம் கெடாதீர்கள். ‘இயல்பு அளவு’ என்று பக்கத்தில் அச்சடித்திருப்பது பெரும்பாலும் ஆரோக்கியமானவர்களில் நடுவிலுள்ள 95 சதவீதம் பேருக்கு இருக்கும் அளவு. அப்படியானால் நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவர்களிலேயே 20 பேரில் ஒருவர் அதற்கு வெளியேதான் இருப்பார். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 20 பரிசோதனைகளை ஒரே நாளில் செய்துகொண்டால், எந்த நோயும் இல்லாதவருக்கும் ஏதாவது ஒன்று எல்லை தாண்ட மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு வாய்ப்பு உண்டு. எந்த எண்ணைக் கண்டுகொள்ளாமல் விடலாம், எதை விடக் கூடாது என்று பார்ப்பது மருத்துவர் வேலை, பொது அறிவின் வேலை இல்லை.

சரி, இப்போதே ஒரு கேள்வி கொடுங்களேன்.

ரத்தக் குழாயே இல்லாத ஒரு பகுதி கண்ணின் முன்புறம் இருக்கிறது. அதன் பெயர் என்ன, அதற்கு ஆக்ஸிஜன் எப்படிக் கிடைக்கிறது?

முதல் பாதி எளிது: கருவிழியை மூடியிருக்கும் கார்னியா. இரண்டாம் பாதியில்தான் ஆள் குறைந்துவிடுவார்கள். கண்ணீர்ப் படலத்தில் கரையும் காற்றிலிருந்து அது நேரடியாக எடுத்துக்கொள்கிறது. தூங்கும்போது இமையின் உட்புறத்தில் இருக்கும் ரத்தக் குழாய்கள் கொடுக்கின்றன. இதன் தொடர்ச்சியாக மூன்றாவதாக ஒன்றும் கேட்கலாம்: கண் தானத்தில் கார்னியாவை மாற்றி வைக்கும்போது ரத்த வகை பொருந்துகிறதா என்று ஏன் வழக்கமாகப் பார்ப்பதில்லை? விடையை மேலே ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.